வியட்நாமின் டெட் பண்டிகை எங்கிருந்து வந்தது? சீனப் புத்தாண்டேதானா, வேறா?

சுக்குக்காப்பி:
எங்கள் டீமில் பாதிப் பேர் ஹனோயில் இருக்கிறார்கள். போன மாதம் மேலிடத்திலிருந்து எல்லோருக்கும் "சீனப் புத்தாண்டு வாழ்த்துகள்" என்று ஒரு மெயில் வந்தது. உடனே அங்கிருந்து மூன்று பேர் தனித்தனியாக "எங்களுடையது டெட், சீனப் புத்தாண்டு இல்லை" என்று பதில் போட்டார்கள். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள், ஆனால் சூடு தெரிந்தது. நானும் இணையத்தில் தேடிப் பார்த்தேன். ஒரு கூட்டம் 4000 வருடப் பழமை, வியட்நாமின் முதல் அரசர்கள் என்று கதைகள் சொல்லும் ஹுங் மன்னர்கள் காலத்திலேயே உண்டு என்கிறது. இன்னொரு கூட்டம், அதே நாள், அதே விலங்கு வருடம், அதே சிவப்பு உறை, அப்புறம் என்ன தனிப் பண்டிகை என்கிறது. இங்கே தென்கிழக்காசிய வரலாறு படிக்கிறவர்கள் இருக்கிறீர்களே, கொஞ்சம் சொல்லுங்கள்.

மீகாமன்:
நாள் சீனாவிலிருந்து வந்தது. இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. கி.மு. 111இல் சீனாவின் ஹான் வம்சப் படை இன்றைய வட வியட்நாமைப் பிடித்தது. அதன்பிறகு, நடுவில் சில கிளர்ச்சிகளும் குறுகிய சுதந்திர ஆட்சிகளும் இருந்தாலும், கி.பி. 938இல் பாக் டாங் ஆற்றில் வியட்நாமியத் தளபதி நோ குயென் ஜெயிக்கிற வரை, ஆயிரம் வருடத்துக்கு மேல் அது சீனப் பேரரசின் தெற்கு ஓரம். வரி, பதவி, எழுத்து எல்லாம் சீன முறையில் ஓடிய இடத்தில் பஞ்சாங்கம் மட்டும் வேறாக இருந்திருக்காது. அந்தக் காலத்தில் பஞ்சாங்கம் கொடுப்பதே பேரரசரின் வேலை, அதை ஏற்பதுதான் அடங்கி நடப்பதன் அடையாளம்.

ஒரு சுவாரசியமான விஷயம் சொல்கிறேன், இதை யாரும் கவனிப்பதில்லை. கி.மு. 111இல் ஹான் படை உள்ளே நுழைந்தபோது சீனர்களுக்கே புத்தாண்டு இப்போதைய இடத்தில் இல்லை. சின் வம்சம் வைத்துவிட்டுப் போன கணக்கின்படி வருடம் பத்தாம் மாதத்தில், அதாவது குளிர்காலத் தொடக்கத்தில் பிறந்தது. கி.மு. 104இல்தான் வூ பேரரசர் கணக்கைத் திருத்தி வருடப்பிறப்பை இன்றைய முதல் மாதத்துக்குக் கொண்டுவந்தார். ஆகவே இன்றைய டெட் தேதி வியட்நாமில் அதற்கு முன்னாலேயே கொண்டாடப்பட்டது என்று சொல்பவர் யாராக இருந்தாலும் ஆதாரம் காட்டட்டும்.

நெல்மணி:
மீகாமன் அண்ணா, நாளைப் பிடித்துக்கொண்டே பேசினால் எப்படி? பண்டிகை என்றால் நாள் மட்டுமா? பான் சுங் கதை தெரியாதா உங்களுக்கு? தெரியாதவர்களுக்காக: ஆறாவது ஹுங் மன்னர் தனக்குப் பின் யார் ஆள்வது என்று முடிவு செய்ய, முன்னோருக்குப் படைக்கச் சிறந்த உணவைக் கொண்டுவரும் மகனுக்கே அரியணை என்றாராம். மற்ற இளவரசர்கள் எல்லாம் காட்டுக்கும் கடலுக்கும் ஆள் அனுப்பி அபூர்வமான பண்டங்களைத் தேடினார்கள். 18ஆவது மகன் லாங் லியுவுக்குத் தாயும் இல்லை, வசதியும் இல்லை. கனவில் ஒரு தெய்வம் வந்து, உலகத்தில் அரிசியைவிட உயர்ந்தது எது என்று சொல்லிக் கொடுக்க, அவன் ஒட்டரிசியில் பூமிக்காக ஒரு சதுரப் பண்டமும் வானத்துக்காக ஒரு வட்டப் பண்டமும் செய்து கொண்டுபோய் அரசனானான். சதுரமானதுதான் பான் சுங். நம்ம கவுனி அரிசி போல ஒட்டும் ரகம், ஆனால் வெள்ளை, நடுவில் பாசிப்பருப்பும் பன்றி இறைச்சியும் வைத்து டாங் என்ற காட்டு இலையில் கட்டி, ராத்திரி முழுக்கப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேகவைப்பார்கள். சீனாவில் பெரும்பாலான இடங்களில் புத்தாண்டுக்கு இது கிடையாது. இலையில் கட்டிய ஒட்டரிசி அங்கேயும் உண்டு, ஆனால் அது பெரும்பாலும் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் பண்டம்.

இன்னொன்று. கன்ஃபூசியஸே "டெட் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது, தெற்கத்திக் காட்டுமிராண்டிகள் அந்த நாட்களில் குடித்துவிட்டுப் பைத்தியம்போல் ஆடுகிறார்கள் என்று கேள்வி" என்று சடங்கு நூலில் எழுதியிருக்கிறார். கன்ஃபூசியஸ் காலம் ஹானுக்கு எத்தனை நூற்றாண்டு முந்தியது!

ஏடுபுரட்டி:
அந்தக் கன்ஃபூசியஸ் மேற்கோளை இங்கேயும் கொண்டுவந்துவிட்டீர்களா! வியட்நாமியத் தளங்களில் வருடா வருடம் டெட் நெருங்கும்போது இது சுற்றும். நம்மிடம் இருக்கிற சடங்கு நூலில் அப்படி ஒரு வரியே இல்லை. தேடிப் பாருங்கள், முழு நூலும் இணையத்தில் கிடைக்கிறது. யாரோ எழுதி, ஒருவரைப் பார்த்து ஒருவர் ஒட்டி, இப்போது பத்திரிகைக் கட்டுரைகளில்கூட வந்துவிட்டது.

லாங் லியு கதைக்கு வருகிறேன். அது இருக்கும் நூல் லின் நாம் சிக் குவாய். 14ஆம் நூற்றாண்டு வாக்கில் தொகுக்கப்பட்டு 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருத்தி எழுதப்பட்டது. ஹுங் மன்னர்கள் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் இந்த நூலுக்கும் நடுவே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வருட இடைவெளி. கதை அதற்கு முன் வாய்வழியாக இருந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் கதைக்குள் என்ன இருக்கிறது பாருங்கள்: வானம் வட்டம், பூமி சதுரம். இது அச்சு அசல் பழைய சீனத் தத்துவம். உள்ளூர்ப் பண்டத்துக்கு, சீன நூல்களில் ஊறிய படிப்பாளி ஒருவர் பின்னால் போட்ட சட்டை அது. வியட்நாமிய வரலாற்று அறிஞர் டிரான் குவோக் வூவொங்கே இதைச் சொல்லியிருக்கிறார். அவர் வாதம், பான் சுங் ஆதியில் சதுரமே இல்லை, உருளை. தெற்கே இன்றைக்கும் வாழை இலையில் உருளையாகக் கட்டுகிறார்களே பான் டேட், அதுதான் பழைய வடிவம், இன விருத்திச் சடங்கோடு தொடர்புள்ளது, சதுரம் பிற்பாடு வந்தது என்கிறார்.

ஆக, கதை புதிது, பண்டம் பழசு. நெல்மணி சொல்வதில் பாதி நிற்கிறது.

நெல்மணி:
பாதி நிற்கிறது என்றால் எனக்குப் போதும் :)

கட்டுமரம்77:
நண்பர்களே, இவ்வளவு எழுதுகிறீர்கள், கண் முன்னால் இருப்பது தெரியவில்லையா? டெட், தை. ரெண்டும் ஜனவரியில். சோழர் கப்பல் போன வழி. முடிந்தது கதை.

பஞ்சாங்கப்பாட்டி:
தம்பி, முடியவில்லை. தைப்பிறப்பு சூரியன் மகரத்துக்குள் போகும் கணக்கு, அதனால்தான் ஏறக்குறைய அதே தேதியில் வருகிறது. டெட் அமாவாசைக் கணக்கு, ஜனவரி 21 தொடங்கி பிப்ரவரி 20 வாக்கில் வரை எங்கே வேண்டுமானாலும் விழும். ஓசை ஒத்துப்போவதை வைத்து உறவு சொன்னால் உலகத்தில் எல்லாரும் நமக்குச் சம்பந்தி ஆகிவிடுவார்கள். வியட்நாம் மண்ணில் நம் சித்திரைக்கு ஒப்பான புத்தாண்டு வேண்டுமென்றால் மேகாங் டெல்டாவுக்குப் போங்கள். 2025 வரை சா வின், சோக் சாங் மாகாணங்களாக இருந்த பகுதிகளில் கெமர் மக்கள் ஏப்ரல் நடுவில் கொண்டாடுகிறார்கள். அது உண்மையிலேயே இந்தியாவிலிருந்து போன சூரியக் கணக்கு. டெட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

இப்போது மீகாமன் சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும். வியட்நாமிய மொழியில் சந்திர மாதங்களுக்குப் பழைய பெயர் உண்டு. இரண்டு முதல் பத்து வரை வெறும் எண்கள்தான். ஆனால் பதினொன்றாம் மாதத்துக்கு என்ன பெயர் தெரியுமா? "ஒன்றாம் மாதம்". பன்னிரண்டும் முதல் மாதமும் மட்டும் தனிப் பெயர், அந்த இரண்டுமே சீனத்திலிருந்து வந்த சொற்கள். அதாவது ஏதோ ஒரு காலத்தில், குளிர்காலச் சூரியத் திருப்பம் வருகிற மாதத்தில் வருடத்தைத் தொடங்கிய ஒரு கணக்கு அங்கே புழங்கியிருக்கிறது, வருடப்பிறப்பு இரண்டு மாதம் தள்ளிப் போனபின்னும் கிராமத்து வாயில் பழைய எண் அப்படியே ஒட்டிக்கொண்டது.

மீகாமன்:
பாட்டி, அருமை. ஆனால் பழைய சீனாவில் ஜோ வம்சக் கணக்கும் அந்த மாதத்தில்தான் தொடங்கியது. ஆகவே அந்த "ஒன்று" உள்ளூர்க் கணக்கா, அல்லது இன்னும் பழைய சீன வரவா என்பதை இதை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது.

பஞ்சாங்கப்பாட்டி:
தீர்க்க முடியாதுதான். நாள் ஒரே தடவையில் வந்து உட்காரவில்லை என்பது மட்டும் தெரிகிறது, அதைத்தான் சொல்ல வந்தேன்.

நெல்மணி:
சரி, வயல் பக்கம் வருகிறேன், ஏனென்றால் எனக்கு அரசவையைவிட அதுதான் முக்கியம். சிவப்பாற்று டெல்டாவில் பழைய காலத்தில் இரண்டு போகம். ஒன்று ஐந்தாம் மாத அறுவடை, மற்றது பத்தாம் மாத அறுவடை. இதில் பத்தாம் மாதத்துதான் பெரிய விளைச்சல். அது முடிந்ததும் புது அரிசியை முன்னோருக்குப் படைப்பது வியட்நாமியரிடமும் உண்டு, சுற்றியுள்ள மலைவாழ் மக்களிடமும் பரவலாக உண்டு. வடமேற்கு மலைகளில் மோங் மக்கள் அறுவடை முடிந்த கையோடு, டெட்டுக்கு ஒரு மாதம் முன்னாலேயே தங்கள் புத்தாண்டைக் கொண்டாடிவிடுவார்கள். என் கணிப்பு என்னவென்றால், தாழ்நில மக்களுக்கும் அப்படி ஒரு அறுவடைத் திருவிழா இருந்திருக்கும். சீனப் பஞ்சாங்கம் வந்தபிறகு அதன் சரக்கெல்லாம் மெல்ல மெல்லப் புது நாளுக்குக் குடிமாறியிருக்கும். நட்ட பயிர் வளர்ந்துகொண்டிருக்கிற, வயலில் பெரிய வேலை இல்லாத நேரம் அது. "முதல் மாதம் தின்று விளையாடும் மாதம்" என்று அவர்களிடம் ஒரு சொலவடையே இருக்கிறது.

அப்புறம் நேவு கம்பம். நெடிய மூங்கிலை நுனிக் கொத்தோடு வெட்டி முற்றத்தில் நடுவார்கள். பன்னிரண்டாம் மாதம் 23ஆம் நாள் நட்டு, முதல் மாதம் 7ஆம் நாள் இறக்குவது வழக்கம். கதை இது: ஒரு காலத்தில் நிலமெல்லாம் பேய்களுக்குச் சொந்தம், மனிதர்கள் குத்தகைக்காரர்கள். பேய்கள் "நுனி எங்களுக்கு, வேர் உங்களுக்கு" என்றன. புத்தர் சொல்லிக் கொடுத்தபடி மனிதர்கள் சர்க்கரைவள்ளிக்கிழங்கு போட்டார்கள். அடுத்த வருடம் பேய்கள் "வேர் எங்களுக்கு" என்றன, நெல் போட்டார்கள். அதற்கும் அடுத்து "நுனியும் வேரும் எங்களுக்கே" என்றன, மக்காச்சோளம் போட்டார்கள், கதிர் நடுத்தண்டில் இருக்கிறதே! கடைசியில் மனிதர்கள் ஒரு மூங்கிலில் தொங்கும் புத்தரின் துவராடை நிழல் விழுகிற அளவு நிலம் மட்டும் கேட்டு வாங்கினார்கள். மூங்கில் வளர்ந்துகொண்டே போய், நிழல் நாடு முழுக்க விரிந்து, பேய்கள் கடலுக்குள் ஓடின. டெட் சமயத்தில் அவை திரும்ப எட்டிப் பார்க்குமாம், அதனால் எல்லை காட்டக் கம்பம். இதில் சீனம் எங்கே இருக்கிறது சொல்லுங்கள்.

ஏடுபுரட்டி:
சீனம் இல்லை. ஆனால் அமெரிக்கா இருக்கிறது! சர்க்கரைவள்ளியும் மக்காச்சோளமும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள், கொலம்பஸுக்குப் பிறகுதான் ஆசியாவுக்கு வந்தன. ஆகவே நீங்கள் சொன்ன வடிவத்தில் இந்தக் கதை 16ஆம் நூற்றாண்டுக்கு முன் இருந்திருக்க வழியில்லை. கம்பம் வேறு விஷயம். நடு மேட்டுநில மக்கள் எருமை பலிக்கு நடுகிற அலங்கார மூங்கில் கம்பங்களைப் பார்த்தால் டெட் கம்பத்தின் சொந்தக்காரர்கள் என்று உடனே தோன்றும். கம்பம் முதலில், புத்தர் பிறகு, மக்காச்சோளம் கடைசியில். இப்படி ஒவ்வொரு சடங்கையும் உரித்துப் பார்க்க வேண்டும், மொத்தமாக "எங்களுடையது", "உங்களுடையது" என்று பேசினால் சண்டைதான் மிஞ்சும்.

சுக்குக்காப்பி:
மக்காச்சோள விஷயம் சூப்பர். இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, 23ஆம் நாள் கெண்டை மீன் விடுகிறார்களே, அது என்ன? இரண்டு, 2023 சீனர்களுக்கு முயல் வருடம், வியட்நாமில் பூனை வருடம் என்றார்கள். ஏன்?

ஏடுபுரட்டி:
முதலாவது, அடுப்புத் தெய்வம். வருடக் கடைசியில் அடுப்புத் தெய்வம் மேலே போய் வீட்டுக் கணக்கை விண்ணரசரிடம் ஒப்பிக்கிறது என்ற நம்பிக்கை சீனாவிலும் அதே நாட்களில் உண்டு. ஆனால் வியட்நாமில் ஓங் தாவ் என்கிற அந்த அடுப்புத் தெய்வம் ஒருவர் இல்லை, மூவர். ஒரு பெண், அவளுடைய முதல் கணவன், இரண்டாம் கணவன், மூவரும் ஒரே தீயில் மாண்டவர்கள் என்பது கதை. பழைய அடுப்பின் மூன்று கற்களைப் பார்த்தால் மூவர் ஏன் என்பது புரியும். அவர்கள் வானத்துக்கு ஏறிப் போக வாகனம் கெண்டை, அதனால் படைத்துவிட்டுக் குளத்திலோ ஆற்றிலோ விடுவார்கள். ஹனோயில் அன்றைக்கு ஏரிக்கரையெல்லாம் கூட்டம், பிளாஸ்டிக் பையோடு சேர்த்து எறிகிறவர்களைத் திட்டித் தொண்டர்கள் பதாகை பிடித்து நிற்பார்கள்.

பூனைக்கு உறுதியான பதில் யாரும் சொல்லிவிடவில்லை. அந்த வருடத்தின் சீனப் பெயர் வியட்நாமியக் காதுக்குப் பூனை என்கிற சொல்லைப் போலக் கேட்பதால் மாறியது என்பதே அதிகம் சொல்லப்படும் விளக்கம். மாட்டு வருடம்கூட அங்கே எருமை வருடம்தான். சேற்று வயல்காரர்களுக்கு எருமைதானே மாடு.

மீகாமன்:
எழுத்துச் சான்று பற்றி யாரும் பேசவில்லையே. 14ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் லே தாக் என்பவர் ஆன் நாம் சி லுவொக் என்ற நூலை எழுதினார். இவர் மங்கோலியப் படையெடுப்பில், அப்போது சீனாவை ஆண்ட மங்கோலியரின் யுவான் வம்சத்துப் பக்கம் போய்ச் சீனாவிலேயே தங்கிவிட்டவர், வியட்நாமியர்கள் இவரைத் துரோகி என்றுதான் சொல்வார்கள், ஆனால் தான் விட்டுவந்த நாட்டின் டிரான் வம்ச அரசவையைப் பற்றி அவர் எழுதியது அபாரமான சான்று. வருடக் கடைசி இரவில் அரசர் முன்னால் ஆட்டபாட்டம், துறவிகள் அரண்மனைக்குள் வந்து தீய சக்திகளை ஓட்டும் சடங்கு, ஊருக்குள் மூங்கில் வெடி, வீட்டில் முன்னோருக்குப் படையல். அந்த வெடி வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் கடைசிவரை நின்றது. விபத்துகள் தாங்காமல் 1995 தொடக்கத்திலிருந்துதான் அரசு தடை போட்டது.

அதே டிரான் காலத்தில், 1339இல், டாங் லோ என்ற அரசவை வானியலாளர் பஞ்சாங்கத்தின் பெயரை மாற்றவேண்டும் என்று கேட்டு அனுமதி வாங்கினார். யுவான் காலத்துச் சீனக் கணக்கின் பெயர் போய் உள்ளூர்ப் பெயர் வந்தது. கணக்கு? அதேதான். மங்கோலியரை மூன்று முறை விரட்டிய நாடு, அவர்கள் கணக்கு நன்றாக இருந்ததால் வைத்துக்கொண்டது. எனக்குப் பிடித்த தகவல் இது.

சைகோன்_பக்கம்:
இத்தனை நாளும் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் ஹோ சி மின் நகரில்தான் வேலை பார்க்கிறேன். இங்கிருந்து ஒன்று சொல்ல வேண்டும், "டெட்" என்று ஒன்றாகப் பேசுகிறீர்களே, வடக்கும் தெற்கும் அதற்குள்ளேயே வேறு. அங்கே இளஞ்சிவப்புப் பீச் பூ, இங்கே மஞ்சள் மாய் பூ. அங்கே ஐந்து பழத் தட்டில் வாழைச் சீப்பு இல்லாமல் முடியாது, இங்கே வாழை வைக்கவே மாட்டார்கள். சீதாப்பழ வகை, தேங்காய், பப்பாளி, மாம்பழம், இவற்றின் பெயர்களைச் சேர்த்துச் சொன்னால் "செலவுக்குப் போதுமானது கிடைக்கட்டும்" என்று ஒரு வேண்டுதல் போல் வரும், அதற்காக அந்த வரிசை. தெற்கு கடந்த நான்கைந்து நூற்றாண்டில்தான் வியட்நாமியர் வந்து குடியேறிய நிலம். சாம், கெமர், சீனர் எல்லோரும் பக்கத்து வீடு. சிவப்பு உறைப் பணத்துக்கு இங்கே சொல்லும் பெயர்கூட கான்டனீஸ் சொல்தான்.

தமிழ்த் தொடர்பு கேட்டவருக்கு: பென் தான் சந்தைப் பக்கம் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது, 19ஆம் நூற்றாண்டில் சைகோனுக்கு வந்த தமிழ் வணிகர்கள் கட்டியது. டெட் சமயத்தில் போய்ப் பாருங்கள், உள்ளே நுழைய முடியாது. வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியரும் சீனரும். கருவறைக்குப் பின்னால் கல் சுவரில் நெற்றியை வைத்துப் புது வருடத்துக்கு என்ன வேண்டும் என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போவார்கள்.

கட்டுமரம்77:
பார்த்தீர்களா, நான் சொன்னேன் :)

பஞ்சாங்கப்பாட்டி:
நீ சொன்னது இது இல்லை, தம்பி.

சுக்குக்காப்பி:
:) சரி, என் முதல் கேள்விக்கே திரும்புகிறேன். நாளே சீனாவிலிருந்து வந்தது என்றால் அவர்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?

ஏடுபுரட்டி:
கோபம் நாளைப் பற்றி இல்லை என்பது என் எண்ணம். இந்தப் பண்டிகையோடு அவர்கள் நினைவில் ஒட்டியிருப்பதில் சீனாவை எதிர்த்த போரும் ஒன்று. 1788 கடைசியில் சீனாவின் சிங் வம்சப் படை ஹனோயில், அப்போது அதன் பெயர் தாங் லாங், உட்கார்ந்திருந்தது. வியட்நாமிய அரசர் குவாங் சுங் தெற்கேயிருந்து படையோடு வந்து தாம் தீப் கணவாயில் வீரர்களுக்கு டெட்டை முன்கூட்டியே கொண்டாட வைத்தார், 7ஆம் நாள் தலைநகரில் மறுபடி கொண்டாடலாம் என்றார். சிங் படை விருந்தில் இருந்தபோது பாய்ந்து, 1789இல் முதல் மாதம் 5ஆம் நாளே நகருக்குள் நுழைந்தார். ஹனோயில் டாங் டா மேட்டில் இன்றைக்கும் அந்த 5ஆம் நாள் திருவிழா நடக்கிறது. இப்படிப்பட்ட பண்டிகையை "சீன" என்று வாழ்த்தினால் என்ன பதில் வரும்?

இதோடு இப்போதைய அரசியலும் உண்டு. 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை தன் விடுமுறைப் பட்டியலில் சேர்த்தபோது "சந்திரப் புத்தாண்டு" என்றே பெயர் வைத்தது. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது சீன மக்களின் வசந்த விழா. இரண்டுக்கும் இணையத்தில் நடந்த சண்டையைத் தேடிப் படிக்காதீர்கள், நேரம் வீண். ஆபீஸ் மெயிலில் "டெட் வாழ்த்துகள்" என்று போட்டால் முடிந்துவிடும் விஷயம்.

நெல்மணி:
நாளும் எப்போதும் ஒன்றில்லையே! வித்தியாசமாக வந்த வருடங்கள் உண்டே, பாட்டி சொல்லுங்கள்.

பஞ்சாங்கப்பாட்டி:
உண்டு. கணக்கு ஒன்று, கடிகாரம் வேறு. சீனா கிரீன்விச்சுக்கு 8 மணி நேரம் முன்னால் ஓடும் மண்டலம், ஹனோய் 7. அமாவாசை சரியாக நடுராத்திரி ஓரத்தில் விழுந்தால் ஒரு ஊரில் இன்றைக்கு, மற்ற ஊரில் நாளைக்கு. 1967 ஆகஸ்டில் வட வியட்நாம் அரசு இனி எங்கள் கணக்கு 7 மணி மண்டலத்துக்கே என்று உத்தரவு போட்டது. அடுத்த டெட்டே பிளந்துவிட்டது. 1968இல் வடக்கில் ஜனவரி 29, தெற்கில் ஜனவரி 30. வியட்நாம் போரில் அந்த டெட் சமயத்தில் கம்யூனிஸ்ட் படைகள் நடத்திய டெட் தாக்குதலில் சில நகரங்களில் 30ஆம் தேதி அதிகாலையிலும் சைகோன், ஹுவே உட்பட மற்ற இடங்களில் 31ஆம் தேதியும் அடித்ததற்கு இந்த நாள் குழப்பம் ஒரு காரணம் என்று சொல்பவர்கள் உண்டு.

1985 இன்னும் வேடிக்கை, ஒரு நாள் இல்லை, முழுசாக ஒரு மாதம். 1984 குளிர்காலத் திருப்பம் ஹனோய் நேரப்படி டிசம்பர் 21 இரவு பதினொன்றரைக்குச் சற்று முன், பெய்ஜிங் நேரப்படி 22 பிறந்தபின். அமாவாசை இரண்டு ஊருக்கும் 22. திருப்பம் விழுகிற மாதம்தான் பதினொன்றாம் மாதம் என்பது விதி. ஹனோயில் திருப்பம் முந்தைய மாதத்தில் விழுந்தது, பெய்ஜிங்கில் அன்றே பிறந்த மாதத்தில். அதனால் வியட்நாமுக்கு டெட் ஜனவரி 21, சீனாவுக்கு பிப்ரவரி 20.

2007இலும் ஒரு நாள் வித்தியாசம், அங்கே பிப்ரவரி 17, சீனாவில் 18.

சுக்குக்காப்பி:
அடுத்து எப்போது?

பஞ்சாங்கப்பாட்டி:
2030. வியட்நாமில் பிப்ரவரி 2, சீனாவில் 3. உங்கள் மேலிடத்தில் இப்போதே சொல்லி வையுங்கள், அந்த வருடம் மெயில் ஒரு நாள் முன்னால் போகவேண்டும்.